கருப்பனுக்கு ஒரு சோடா

அவையை நடத்தும் அன்புக்குரிய உபைதுல்லா அண்ணன் அவர்களே, குடியை விட்டவர்களின் குலவிளக்காகிய டாக்டரம்மா சத்யப்ரியா அவர்களே, பிள்ளையைவிடப் புருஷனைப் பொத்திப் பொத்தி வளர்க்கும் தாய்மார்களே, நரைத்தும் நிமிர்ந்திருக்கும் பெரியோர்களே, நாற்காலி கிடைக்காமல் நிற்கும் மாப்பிள்ளைகளே, ஆரப்பாளையத்துச் சீனியம்மாளின் வணக்கம்.

படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. அதனால் எழுதிக்கொண்டு வரவில்லை; வாய் மட்டும் கொண்டுவந்திருக்கிறேன். அதோ, குனிந்து செருப்பையே பார்க்கிறாரே, அவர்தான் என் வீட்டுக்காரர் சுருளி. நிமிருங்க சாமி, இன்னைக்குப் புகழத்தான் வந்திருக்கேன்.

சாமி என்றது கேலிக்கில்லை. எங்கள் குலசாமி கருப்பனுக்கு ஆடும் சாமியாடி அவர். படையலில் வைத்த பாட்டிலை அவர் குடித்தால்தான் கருப்பன் குளிர்வானாம். குளிர்ந்தது கருப்பனா? கொதித்தது என் குடும்பமல்லவா? போன வருஷம் சாமி பேரில் குடித்த ஒரு மொடக்கு, நிறுத்தியிருந்த ஆறு மாதத்தையும் சேர்த்துக் குடித்துவிட்டுப் போனது.

இந்த வருஷம், “திருவிழாவுக்குப் போகாமலே இருப்போமா?” என்றேன்.

“கொட்டுச் சத்தம் இங்க இருந்தாலும் காதுக்குள்ள அடிக்கும் சீனி. நீ கூட வா, போதும்” என்றார்.

போனதும் பங்காளி ஜெயபாண்டியிடம் அவரே சொன்னார்: “சித்தப்பு, ஒரு வாய் பட்டாலும் திரும்ப விழுந்துருவேன். பாட்டிலை என் கையில குடுக்காதீக.”

“சாமிக்குத் தாகம்டா.”

“தாகம்னா சாமியே வந்து குடிக்கட்டும் மாமா. எம்புருசன் வாயை எதுக்கு வாடகைக்குக் கேக்குறீக?” என்றேன்.

சிரிக்கிறீகளே, அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை.

கொட்டு முழங்கியது. குலவை எழுந்தது. ஆடினார். மூடி திறந்த வாடை வந்ததும் அவர் தொண்டை ஏறி இறங்கியதைப் பார்த்தேன். யாரோ பாட்டிலைக் கையில் திணித்தும் விட்டார்கள். வாய்வரை போனது. என் உசுரும் கூடவே போனது. அப்படியே கவிழ்த்து, கருப்பன் அருவாளின் காலடி மண்ணில் ஊற்றினார்.

“எனக்குச் சோடா கொண்டாங்கடா.”

சொன்னது சாமியா, சுருளியா? யாருக்குத் தெரியும்? ரெண்டு பேருக்கும் சேர்த்துக் கும்பிட்டு, பையில் தயாராக வைத்திருந்த சோடாவை நீட்டினேன்.

குடித்ததும், “கையெல்லாம் நாறுது சீனி. இப்பவே கெளம்பணும்” என்றார். கறிச்சோற்றை விட்டுக் கிளம்பிய முதல் ஆம்பளை எங்கள் வம்சத்தில் இவர்தான். பஸ்ஸில் என் தோளில் குறட்டை விட்டார். அம்மாடி, நாதஸ்வரம் தோற்றது.

தாய்மார்களே, ஆசை வருவது குற்றமா? இல்லை. வாடை வரும், கொட்டு வரும், கூட்டாளி வருவான். “ஆசையா இருக்கு” என்று உங்கள் வீட்டுக்காரர் வாய்விட்டுச் சொன்னால், அடுப்பை அணைத்துவிட்டு அவரிடம் ஓடுங்கள். கூட நில்லுங்கள், கையைப் பிடியுங்கள், கூட்டிக்கொண்டு கிளம்புங்கள். சண்டையை நாளைக்குப் போட்டுக்கொள்ளலாம். அது எங்கே போகப்போகிறது?

நேற்று ஜெயபாண்டி மாமா போன் போட்டார். “அடுத்த திருவிழாவுக்குச் சோடா எம்புட்டு வாங்கி வைக்கட்டும்?” என்று கேட்டார்.

கேட்ட காதுகளுக்கும், கூட வந்த கால்களுக்கும் நன்றி. எல்லாரும் தெளிவாக வீடு போய்ச் சேருங்கள். வாரேன்.