பதில் போட்டாச்சு

மகள்: அப்பா, நிஜமா சொல்லுங்க. இந்தக் கம்ப்யூட்டர்ல எதையாவது தொட்டீங்களா?

அப்பா: தொடாம எப்படிம்மா பார்க்கிறது?

மகள்: விளையாடாதீங்க. முந்தாநாள் ஒரு மெயில் வந்துச்சு. இப்போ காணோம்.

அப்பா: என்ன மெயில்?

மகள்: ஆபீஸ் மெயில். பதினொரு மணிக்கு ஒரு மீட்டிங். அதுல போய்ச் சேர வேண்டிய லிங்க் அதுக்குள்ளதான் இருக்கு. இன்னும் இருபது நிமிஷம்தான்...

அப்பா: உன் ரூம் கம்ப்யூட்டர்ல தேடலாமே.

மகள்: தேடிட்டேன். ரெண்டுலயும் ஒரே மெயில்தான்பா. நான் காலேஜ்ல ஆரம்பிச்சது. இந்தக் கம்ப்யூட்டரை உங்களுக்குக் கொடுத்தப்போ அதை மூட மறந்துட்டேன்.

அப்பா: அப்போ இது என் மெயில் இல்லையா?

மகள்: ரெண்டு வருஷமா உங்களதுன்னா நினைச்சுட்டிருந்தீங்க?

அப்பா: வீட்டுக்கு வந்த தபாலை யார் பிரிச்சா என்ன?

மகள்: இது வாசல்ல மாட்டின தபால் பெட்டி இல்லப்பா. பிரிச்சீங்களா?

அப்பா: பிரிச்சேன். படிச்சேன்... பதிலும் போட்டேன்.

மகள்: பதிலா? எதுக்கு?

அப்பா: எல்லாத்துக்கும். முப்பத்திரண்டு வருஷம் தபால் செக்‌ஷன்ல உட்கார்ந்தவன் நான். வந்த கடிதத்துக்கு மூணு நாளைக்குள்ள பதில் போகலைன்னா எனக்குச் சோறு இறங்காது.

மகள்: ஐயோ... கொஞ்சம் நகருங்க. என்னத்தை அனுப்பியிருக்கீங்கன்னு பார்க்கிறேன். இருபது இருக்கேப்பா...

அப்பா: படி, படி. தப்பு இருந்தா சொல்லு.

மகள்: "தங்கள் பன்னிரண்டாம் தேதிக் கடிதம் கிடைத்தது. தற்போது பணியிடம் இல்லை எனத் தெரிவித்தமைக்கு நன்றி. எந்தத் தகுதியில் குறை என்று சொன்னால் சரிசெய்ய உதவியாக இருக்கும். இங்ஙனம், விண்ணப்பதாரருக்காக..." அப்பா, இந்த லெட்டரையெல்லாம் மனுஷங்க அனுப்பலை. கம்ப்யூட்டர் தானா அனுப்பறது. கீழயே போட்டிருக்கு பாருங்க, பதில் அனுப்ப வேண்டாம்னு.

அப்பா: அது மரியாதைக்குச் சொல்றதும்மா. வீட்டுக்கு வந்தவங்க 'ஒண்ணும் வேண்டாம்'னு சொல்றதில்லையா?

மகள்: நிஜமாவே வேண்டாம்னுதான் அர்த்தம்.

அப்பா: 'வருந்துகிறோம்'னு எழுதியிருக்கே. கம்ப்யூட்டர் வருத்தப்படுமா?

மகள்: படாது. வருத்தப்படாமலே எழுதும்.

அப்பா: எங்க ஆபீஸ்லயும் அப்படித்தான் எழுதினோம். ஆனா நாங்க மனுஷங்க... யோசிச்சா அது இன்னும் மோசம்.

மகள்: யாராவது திருப்பி எழுதினாங்களா?

அப்பா: ஒரே ஒரு கம்பெனியிலேர்ந்து, அங்க வேலை பார்க்கிற ஒரு அம்மா. 'அந்தப் பொண்ணுக்குத் தைரியம் சொல்லுங்க, என்னையும் இந்த மாசத்தோட போகச் சொல்லிட்டாங்க'ன்னு.

மகள்: அவங்களுக்கும் பதில் போட்டீங்களாக்கும்.

அப்பா: பின்ன?

மகள்: அப்பா... தப்பா நினைக்காதீங்க. இதெல்லாம் என் ஃப்ரெண்டோட அப்ளிகேஷன். அவளுக்காக நான் அனுப்பிட்டிருந்தேன்.

அப்பா: அப்படியா. உன் பேர் போட்டிருந்துச்சே.

மகள்: அவளுக்கும் அதே பேர்தான்.

அப்பா: ஓ... நல்ல சிநேகிதிதான். பாவம், எத்தனை இடத்துக்கு எழுதியிருக்கா. வேலை போய் ரொம்ப நாளாச்சா?

மகள்: நாலு மாசம்.

அப்பா: வீட்ல தெரியுமா?

மகள்: சொல்லலை. அவங்கப்பா வாசல்ல யாரைப் பார்த்தாலும், 'பொண்ணுக்கு மூச்சு விட நேரமில்ல, அவ்வளவு வேலை'ம்பார். அந்த மனுஷன்கிட்ட எந்த மூஞ்சியை வெச்சுட்டுச் சொல்றது?

அப்பா: ம்... எங்க காலத்துல வேலை போச்சுன்னா பட்டப்பகல்ல பையைத் தூக்கிட்டு வீட்டுக்கு வரணும். தெருவுக்கே தெரிஞ்சிடும். இப்போ உட்கார்ந்த இடத்துலயே வேலைக்குப் போறீங்க, உட்கார்ந்த இடத்துலயே அது போயிடுது. சாத்தின கதவுக்குப் பின்னாடி கீபோர்டு சத்தம் கேட்டுட்டே இருக்கு. பெத்தவன் என்னத்தைக் கண்டான்?

மகள்: ...மணி பத்து ஐம்பது. அந்த மெயில் எங்கப்பா?

அப்பா: பதில் போட்ட கடிதத்தை மேஜை மேலயே விட்டு வைப்பாங்களா? ஃபைல்ல போட்டுட்டேன். இடது பக்கம் கீழ பாரு.

மகள்: 'பதில் போட்டாச்சு'... இந்த ஃபோல்டரை நீங்களா பண்ணீங்க? யார் சொல்லிக் கொடுத்தா?

அப்பா: யாரும் இல்ல. தட்டித் தட்டிப் பார்த்தேன், வந்துச்சு.

மகள்: இருக்கு... லிங்க் இருக்கு. அப்பா, கடைசி வரியில என்னமோ... "ஒன்பதாம் தேதி மாலை ஐந்து மணிக்குள் வருகையை உறுதி செய்யாவிட்டால் நேர்காணல் ரத்தாகும்." ஒன்பதாம் தேதின்னா நேத்து. போச்சு... நான் மேல நாலு வரி படிச்சதோட சரி.

அப்பா: நான் முழுசாப் படிச்சேன். நாலரைக்கே பதில் போயாச்சு. 'அவசியம் கலந்துகொள்வேன்'னு.

மகள்: யார் பேர்ல?

அப்பா: உன் சிநேகிதி பேர்லதான். போம்மா. நேரமாச்சு.

மகள்: உங்களுக்கு எப்போ தெரியும்? இந்த மெயிலையெல்லாம் பார்த்தப்பவா?

அப்பா: அதுக்கும் முன்னாடியே.

மகள்: எப்படிப்பா? கம்ப்யூட்டர் விஷயம் உங்களுக்கு ஒண்ணும் புரியாதே.

அப்பா: புரியாதுதான். ஆனா தினம் பத்து மணிக்கு ஹெட்போனை மாட்டிட்டு, 'சரி சார், முடிச்சிடறேன் சார்'னு பேசுவியே... டீ வைக்க வர்றப்போல்லாம் பார்ப்பேன். அந்த வயர் எதுலயும் மாட்டாம நாற்காலிக்குக் கீழ தொங்கிட்டிருக்கும். கேட்டா நீ உடைஞ்சிடுவியோன்னு பயம். அதான் வாசல்ல யார் கேட்டாலும் 'அவளுக்கு மூச்சு விட நேரமில்ல'ன்னு நானும் சொல்லிட்டிருந்தேன்... போ கண்ணு. இன்னைக்கு மட்டும் மறக்காம வயரைச் சொருகிக்கோ.