உள்ளே விட்ட துணி

ஓய்வு பெற்று ஆறு வருடமாகிறது, டாக்டர். ஓடுகிற பேருந்தில் நின்றபடியே இன்னும் ஊசி கோப்பேன். வேண்டுமானால் பந்தயம் கட்டுங்கள்.

என் தையல் கடையில் பொம்மை வைத்ததில்லை. மகள் இருந்தாள். பதினாறு வயதில் அவளுக்கு ஒரு மஞ்சள் கவுன் தைத்தேன். அதைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள். தெருவில் பாதிப் பேர் விளக்குக் கம்பத்தில் முட்டிக்கொண்டார்கள். அதே வருடம் கன்னத்தில் சற்றே சதை போட்டது. சாப்பிடாதே என்று நான் சொல்லவில்லை. பெற்றவன் சொல்லலாமா? துவைத்து வந்த கவுனின் பக்கத் தையலை ஒரு நூலளவு உள்ளே பிடித்துச் சுருக்கினேன், அவ்வளவுதான்.

"அப்பா, இறுக்குதே. குண்டாயிட்டேனா?"

"சேச்சே. லேசா பூசின மாதிரி இருக்கே, அவ்வளவுதாம்மா."

எவ்வளவு பக்குவமான பதில், பாருங்கள்.

அவள் தட்டைத் தள்ளிவைத்தாள். கவுன் தளர்ந்தது. மறுபடி பிடித்தேன். எடைக் கருவியை அவள் நம்புவதில்லை. ஞாயிறுதோறும் அந்தக் கவுனைப் போட்டுத்தான் தன்னை அளந்துகொள்வாள். இப்படியே பத்தொன்பது வருடம். மின்விசிறி போட்டால் பறந்துவிடுவாள் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். தொழிலுக்குக் கிடைத்த பாராட்டென்று எடுத்துக்கொண்டேன்.

மாட்டிக்கொண்டதற்கும் என் நல்ல கைப்பழக்கம்தான் காரணம். அரைகுறைத் தையல்காரன் மிச்சத் துணியை வெட்டி எறிவான்; நான் உள்ளேயே விடுவேன். மகள் அலுவலகத்தில் மயங்கி விழுந்து இங்கே சேர்த்த அன்று, என் மனைவி கவுனைப் புரட்டிப் பார்த்தாள். உள்ளே வரிசை வரிசையாகப் பழைய ஊசித் துளைகள்.

"ஏங்க, பதினோரு வரி இருக்கு. புள்ள பெருக்கவே இல்லையா? கவுனைத்தான் சுருக்குனீங்களா? நீங்க மனுஷந்தானா?"

அன்றிலிருந்து அவள் என்னோடு பேசுவதில்லை. காதுக்கு நல்ல ஓய்வு.

நேற்று நீங்கள் சொன்னீர்கள்: "இதயம் தாங்காது. கவுன் தளர்வா இருந்தாத்தான் சாப்பிடுவேங்கிறா. எல்லாத் தையலையும் பிரிச்சுக் கொண்டாங்க, ஐயா."

பிரித்தேன், டாக்டர். சத்தியமாகப் பிரித்தேன். தூக்கிப் பிடித்தால் கூடாரம் மாதிரி தொங்குகிறது. நாலு பேர் வந்து பார்க்கிற ஆஸ்பத்திரியில் பெற்ற பெண்ணை அப்படி உட்கார வைப்பதா? மெஷினில் கொடுத்துப் பிடித்தேன். முன்பைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே பிடித்தேன்.

இன்று காலை கவுனைப் போட்டுப் பார்த்துவிட்டு அவள் கஞ்சிக் கிண்ணத்தைத் தள்ளிவிட்டாளென்றால் அது அவள் பிடிவாதம். தையலில் நீங்கள் ஒரு குறை சொல்ல முடியாது.