டொக்யாட் சங்கு

மூதூர் போகும் லோஞ்சுப் படகுக்கான வரிசையில் கடற்படையினர் பைகளைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு முன்னால், வரிசையில் அறிமுகமான இரண்டு பெண்கள் நின்றார்கள்.

“எங்கட அப்பா பிந்தினால் திருகோணமலைக்கே சாப்பாடு பிந்தும்,” என்றார் மூத்தவர்.

“ஏனக்கா?”

“கப்பல் திருத்துற டொக்யாட்டில மத்தியானச் சங்கு ஊதினது அவர்தானே. அது கேட்டாத்தான் வீடுகளில சோறு போடுவினம். அவர் சைக்கிளில வந்து சேரேக்க அம்மாவும் போட்டு வச்சிருப்பா.”

“இப்பவும் ஊதுறாங்கள்தானே?”

“ஓம், குண்டு விழப்போகுதெண்டால் ஊதுறாங்கள். சனமெல்லாம் பங்கருக்குள்ள ஓடுது. அம்மா குசினிக்குள்ள போய், செத்துப்போன அப்பாவுக்குச் சோறு போடுறா.”

“கூப்பிட்டால் வரமாட்டாவோ?”

“மாட்டா. நானும் பக்கத்தில இருந்திடுவன். அந்தச் சத்தம் கேட்டால் எனக்கு இன்னும் பசிக்குது, தங்கச்சி.”