முதுகில் கட்டிய வில்

இல்லண்ணே, மேல போட வேணாம். மூங்கில் நாணு இது, வெயில்ல காஞ்சா பட்டுனு தெறிச்சுரும். உங்க முழங்கால்ல இடிக்குதா? இருங்க, திருப்பிக்கிறேன். இப்ப? கண்டக்டரு இதுக்கும் ஒரு டிக்கெட்டு கிழிக்கலாமான்னு பாத்தான், கவனிச்சீங்களா. கிழிச்சா கிழிச்சுட்டுப் போறான்.

வேட்டைக்கா? சேச்சே. வேட்டை முடிஞ்சு பதினோரு நாளாச்சு. வைகாசிப் பௌர்ணமிக்கு அயோத்தியா மலை ஏறுவோமே, நீங்க அடிவாரத்துப் பல்ராம்பூர்க்காரரு, உங்களுக்குத் தெரியாததா. இத ஊர்க்கூட்டத்துக்கு எடுத்துட்டுப் போறேன். என் தங்கச்சி மைனோவ அவ புருஷன் வீட்ட விட்டு அனுப்புறதா வேணாமான்னு மத்தியானம் முடிவு பண்றாங்க. நெலமும் கெடையாதும்பாங்க. ரெண்டு பொம்பளப் புள்ளைங்கண்ணே அவளுக்கு. புருஷன் சிங்ராய் செத்துட்டான். இது அவன் வில்லுதான்.

கூட்டத்துல வில்லுக்கு என்ன வேலையா? நல்லாக் கேட்டீங்க போங்க. அதச் சொல்லணும்னா மொதல்ல வில்லத் தூக்குறது எப்பிடின்னு சொல்லணும்.

வேட்டைன்னா அம்பு விடுறதுன்னு நெனைப்பீங்க. அதெல்லாம் ஒரு மூச்சு நேரம். மிச்சம் பூரா நடைதான். ஏறி எறங்கி, முள்ளுல பூந்து, ஓடையத் தாண்டி, பொழுதன்னிக்கும் இந்தச் சனியனச் சொமந்துட்டு அலையணும். சொகமா எப்பிடித் தூக்குறதுன்னு ஒவ்வொருத்தனும் ஒவ்வொண்ணு பண்ணுவான். தோள்ல மாட்டுனா கீழ்நுனி காலத் தட்டும், மேல்நுனி கொடியில சிக்கும். எங்க ஊர்ல ஒருத்தன் அப்பிடி மாட்டிட்டு வெடுக்குனு திரும்பி, பின்னால வந்த மாமனாரு முன்பல்ல ஒடச்சுட்டான். இன்னைக்கும் அந்தாளு மருமகன்கிட்டப் பேசுறதில்ல. நாண அவுத்துட்டுத் தடியா ஊனிக்கிட்டுப் போலாம், மேடு ஏற நல்லாத்தான் இருக்கும். ஆனா நீங்க நாண் ஏத்துற வரைக்கும் மொயலு பொறுமையா நிக்குமா? மாலை மாதிரி மார்ல குறுக்கப் போடுறவனும் உண்டு. கழட்டணும்னா தலைவழியாத் தூக்கணும், தலப்பாவும் சேந்து வரும்.

சரியான மொற ஒண்ணுதாண்ணே. எடது கை. நடுவுல, ஒத்த வெரல்ல வெச்சாலும் சாயாத எடம் ஒண்ணு இருக்கும், அங்க புடிக்கணும். நாணு வானத்தப் பாத்து. ரெண்டு அம்பு அதே கையில, மொன மண்ணப் பாத்து. பொதர் வந்தா நுனிய முன்னால நொழச்சு, அது பின்னாலயே நாம போயிரணும். கை வலிக்குமான்னா, வலிக்கத்தான் செய்யும்.

சிங்ராய்க்கு அதான் முடியல. பர்தமான்ல அரிசி மில்லுல ஆறு வருஷம் மூட்ட தூக்கி எடது தோளு போயிருச்சு. கையத் தொங்கவிட்டு ஒரு மைலு வில்லப் புடிக்க முடியாது. ஆனா வேட்டைக்கு வந்தே ஆகணும்னு நின்னான். மச்சான், சொகமாத் தூக்குற மாதிரி எதாச்சும் பண்ணிக் குடேன்னான். நல்ல மனுஷண்ணே. என் தங்கச்சிய ஒரு நாளு ஏய்னு கூப்புட்டதில்ல.

இந்தா, இந்த வாரு தெரியுதா? பள்ளிக்கூடப் பை வாருதான். ரெண்டு தோள்லயும் மாட்டி, வில்லு முதுகோட முதுகாக் கெடக்குற மாதிரி கட்டுனது. மொதல்ல, இழுத்தா அவுந்துர்ற உருவுசுருக்குத்தான் போட்டது. நழுவுதுன்னான். அப்புறம் ரெட்ட முடிச்சு. தொட்டுப் பாருங்க. இன்னும் அவுக்க முடியல, பாத்தீங்களா.

அய்யோ, அவனுக்கு என்ன சந்தோசம். ரெண்டு கையும் வீசிக்கிட்டுப் பொரியத் தின்னுக்கிட்டே மலை ஏறுனான். மாப்பிள்ள ஊர்வலம் போற மாதிரி போறான் பாருன்னு எல்லாரும் சிரிச்சாங்க.

ஓடைக்கரையில பன்னி. பதுங்குனதெல்லாம் இல்ல, நேரா வந்துருச்சு. நான் இருவது எட்டு தள்ளி நிக்கிறேன். அவன் ஓடல. ஓடிருக்கலாம். வில்லுதான் வேணும்னு பின்னால கைய விட்டு இழுக்குறான். அந்த வலிக்கிற கைய. வேர்வையில வாரு இறுகிப் போச்சு. முடிச்சு அவன் கைக்கு எட்டாத எடத்துல. நான் ரெண்டு அம்பு விட்டேன். ஒண்ணு எங்கயோ போச்சு, ஒண்ணு பன்னி முதுக ஒரசுச்சு. அவன் தொடைய மேலேர்ந்து கீழ கிழிச்சுட்டுப் போயிருச்சு. மலை மேல ஒரு வீட்டுல கட்டில் வாங்கி, அதுல வெச்சுத் தூக்கிட்டு வந்தோம். பாதி மலை எறங்கல, ஆளு முடிஞ்சுட்டான்.

தண்ணி வேணாம்ணே, நீங்க குடிங்க.

தங்கச்சி மேல என்ன தப்பா? எங்கள்ல ஆம்பள மலைக்குப் போனா வீட்டுப் பொம்பள தலையில எண்ணெய் வெக்கக்கூடாது, சீப்பு போடக்கூடாது. அவன் வாசல் மிதிக்கிற வரைக்கும். அவ மீறுனா காட்டுல இவனுக்கு ஆகாது. மைனோ எண்ணெய் வெச்சுட்டா, அதான் பன்னி வந்துச்சுன்னு பேச்சு. புருஷனத் தின்னவங்குறாங்கண்ணே அவள. கெணத்துல அவ கொடம் வெச்சா மத்தவங்க கொடத்த எடுத்துர்றாங்க.

வெக்கல. நான் சத்தியம் பண்ணுவேன். நாங்க கட்டிலத் தூக்கிட்டு வந்தப்போ அவ தலை காக்காக்கூடு மாதிரி இருந்துச்சு.

யாரு கெளப்பிவிட்டதா? அத விடுங்கண்ணே. இந்த முடிச்சக் காமிச்சாப் போதும். எண்ணெய் கொல்லல, இதான் கொன்னுச்சுன்னு மாஞ்ஜி முன்னால வெச்சுருவேன். ஊர்த் தலைவரு, நாயம் தெரிஞ்ச மனுஷன். யாரு போட்ட முடிச்சுன்னு கேப்பாரு. கேக்கட்டும்.

என்ன அப்பிடிப் பாக்குறீங்க? ஆமாண்ணே. நாந்தான் போட்டேன். அவன் முதுகுல முழங்கால வெச்சு இழுத்துக் கட்டுனேன்.

கொஞ்சம் காலத் தள்ளுங்க, வளைவு தாண்டுனா எங்க ஸ்டாப்பு.

மூணாம் நாளு ஒரு கூட்டம் போட்டாங்க. சிங்ராயோட அண்ணன் துலு எந்திரிச்சான். வில்லக் கையில புடிக்காம எந்த மடையன்டா முதுகுல கட்டிவிட்டதுன்னு கத்துனான். எல்லாரும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாக்குறாங்க. நான் மொத வரிசையில ஒக்காந்திருக்கேன். வாய் தானாத் தொறந்துச்சு. வில்ல ஏன் பழிக்கிற, நாம கெளம்புறப்பவே மைனோ தலையில எண்ணெய் வெச்சிருந்தா, நான் பாத்தேன்னுட்டேன். கூடப் பொறந்த அண்ணன் சொன்னா அப்பீல் ஏது? மாஞ்ஜி அவளக் கேட்டாரு. ஏம்மா, வெச்சியான்னு. அவ என்னையவே பாத்தா. அப்புறம் தலையக் குனிஞ்சுக்கிட்டு, எங்கண்ணன் பொய் சொல்ல மாட்டான், அவன் பாத்தேன்னா சரியாத்தான் இருக்கும்னுட்டா.

இன்னைக்குச் சொல்லிருவேன். வாய் வராட்டி இதத் தூக்கி நடுவுல போட்டுருவேன். நிறுத்துங்க கண்டக்டரே, எறங்கணும்!

முடிச்சு நான் போட்டதுன்னு அவளுக்குத் தெரியாதாவா? நல்லாக் கேட்டீங்க. அன்னிக்குக் காலையில முடிச்சுப் போட்டுட்டு, நீட்டிக்கிட்டிருந்த வார அறுக்க எதாச்சும் குடும்மான்னு கேட்டேன். அருவாமணையக் கொண்டாந்து குடுத்தவளே அவதாண்ணே.