அவள் சொன்னதெல்லாம் வியாதி

மாத்திரை விழுங்கத் தெரியாத குழந்தைக்கு அதை வாழைப்பழத்துக்குள் வைத்துக் கொடுப்பதுதான் நல்ல வழி, சார். அழ வைக்கக் கூடாது. நான் என் மகளை ஒருநாளும் அழ வைத்ததில்லை.

மாடிப்படியிலிருந்து விழுந்து அவள் அம்மா இறந்தபோது மகளுக்கு ஏழு வயது. துக்கத்துக்கு வந்தவர்களெல்லாம் போன பிறகு, சாப்பிடும்போது கேட்டாள்.

"அப்பா, நீங்கதானே அம்மாவைத் தள்ளினீங்க?"

கோபமில்லை. தண்ணீர் கேட்பது போலத்தான் கேட்டாள்.

நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவன். எதிரில் இருப்பவர் என்ன தெரிகிறது என்று சொல்கிறாரோ, அதை வைத்துத்தான் கண்ணாடி எழுதுவோம். குழந்தைகள் மனநல டாக்டரிடம் போன முதல் நாளே, அங்கேயும் அப்படித்தான் என்று புரிந்துவிட்டது.

"தனியாப் பேசுறாளா?" என்று அந்த டாக்டரம்மா கேட்டார்.

"பேசுறா டாக்டர். அம்மா குரல் கேக்குதாம்."

அன்றைக்கு நான் இல்லாததைச் சேர்த்துச் சொன்னது அது ஒன்றுதான்.

பிறகு என்னை வெளியே உட்கார வைத்துவிட்டு மகளிடம் பேசினார். வந்தபோது முகம் மாறியிருந்தது.

"நீங்க தள்ளினதாச் சொல்றாளே?"

"அதுக்காகத்தானே கூட்டிட்டு வந்தேன்," என்றேன். அழுகை தானாகவே வந்தது. அது பொய்யில்லை.

அவர் உடனே மருந்து எழுதவில்லை, அதையும் சொல்லியாக வேண்டும். பொறுத்துப் பார்க்கலாம் என்றார். நான்தான் போகும்போதெல்லாம் புதிதாக ஒன்று கொண்டுபோனேன். சுவரில் யாரோ நிற்கிறார்களாம், கத்தியை எடுத்தாளாம். சின்ன அளவில் தொடங்கிய மருந்து கூடிக்கொண்டே போனது. மகள் பருத்தாள். வகுப்பில் தூங்கினாள். பேச்சு குறைந்தது. வீடு அமைதியானது.

போன வாரம் டாக்டர் பள்ளிக்கூடத்துக்கே போய் டீச்சரிடம் விசாரித்திருக்கிறார்.

"குரலா? அப்படியெல்லாம் ஒண்ணும் சொன்னதில்லையே. அப்பா தள்ளினார்ங்கறது மட்டும்தான், ஒரு வார்த்தை மாறாமச் சொல்லுவா. வியாதின்னு அவங்கப்பா சொன்னதால நாங்க கண்டுக்கல," என்றாராம் டீச்சர். அதனால்தான் போலீஸ் ஜீப்பில் நீங்கள் வந்திருக்கிறீர்கள்.

தள்ளியது நான்தான். மகளையும் கூட்டிக்கொண்டு பிரிந்து போகிறேன் என்றாள் மனைவி. கை நீண்டுவிட்டது, அவ்வளவுதான். கீழே குழந்தை நிற்பது எனக்குத் தெரியாது.

ஆனால் நேற்று நானே மகளிடம் கேட்டுப் பார்த்தேன். ஷூவைக் கழற்றிக்கொண்டே, "நீங்க தள்ளலப்பா. எனக்குத்தான் உடம்பு சரியில்ல," என்றாள். எவ்வளவு தெளிவு பாருங்கள். இந்த அளவுக்குக் கொண்டுவர நான் பட்ட பாடு கொஞ்சமில்லை.

என்னை எங்கே வேண்டுமானாலும் கூட்டிப் போங்கள். மருந்தை மட்டும் நிறுத்த விடாதீர்கள், சார். நிறுத்தினால் மறுபடி உளற ஆரம்பித்துவிடுவாள்.