பத்துமலையோட சம்பான்

தொட்டுப் பாருங்க தம்பி, ஒண்ணும் ஆவாது. அந்த ஒட்டுப் போட்ட எடத்துல மட்டும் காலை வைக்காதீங்க. கயாக்குன்னா சொல்றீங்க? என்னமோ, சின்னப் படகுன்னா எங்களுக்குச் சம்பான்தான். எங்க வீட்டுக்காரரு பத்துமலை ஈப்போவுல ஒரு கிளப்புல ஜாகாவா, காவலுக்கு, வேலை பாத்தாருல்ல, அங்க வெடிச்சிருச்சுன்னு தூக்கிப் போட்டாங்களாம். லாரிக்காரன் ஒருத்தனைப் புடிச்சுக் கொண்டாந்துட்டாரு. பின்னால ஒக்காந்து இவரே ஒட்டுனாரு. வீடு பூரா அந்தப் பசை நாத்தம், சோறு எறங்கல எனக்கு.

நீங்க இதுக்கு முன்ன தண்ணியில போயிருக்கீங்களா? இல்லையா. அவரும் அப்படித்தான் லா. சுங்காய் பக்கம் தோட்டத்துல பொறந்து பால்மரம் வெட்டுன ஆளு, அவருக்குத் தண்ணின்னா கெணத்துத் தண்ணிதான். தோட்டத்தை வித்து, மரத்தையெல்லாம் சாச்சுட்டுச் செம்பனை போட்டாங்க. லயத்தை விட்டுக் கெளம்புங்கன்னாங்க. கோப்பெங்குக்கு வந்தோம். வந்து பாத்தா பின்வாசல்ல இம்மாம் பெரிய ஈயக் குட்டை. ஈயம் எடுத்தவன் எடுத்துட்டுப் போயிட்டான், பள்ளத்தை நமக்கு விட்டுட்டான்.

அதான் மொதல்ல தெரிஞ்சுக்கணும் நீங்க. இது ஆறு மாதிரி கெடையாது. கரையில ஒரு எட்டு வச்சா முழங்கால் தண்ணி, அடுத்த எட்டுல ஆளே காணாமப் போயிருவாங்க. அந்தச் சீனன் தோட்டத்துக்குப் பக்கத்துல மணல் மேடா இருக்கு பாருங்க, அங்கதான் எறக்கணும். மொத நாளு இவரு வீட்டுக்குப் பின்னாலயே எறக்கி, பஸ்ஸுல நிக்கிற மாதிரி நின்னாரு. கவுந்துருச்சு. நின்னா கவுத்துரும் தம்பி. அடியில ஒக்காந்து காலை நீட்டிக்கணும், தூண்டிலை முன்னாலதான் வீசணும், பக்கத்துல திரும்பி வீசப்படாது. அதைக் கத்துக்கிறதுக்குள்ள ரெண்டு தூண்டிலு குட்டைக்குள்ள போயிருச்சு. அப்புறம் எல்லாத்தையும் கயித்துல கட்டி வச்சாரு. துடுப்புக்கும் கயிறு.

நீச்சலா? எங்க தெரியும். மோட்டார் சைக்கிள் டியூப்பை ஊதி இடுப்புல மாட்டிக்குவாரு. சனங்க சிரிச்சாங்க. அவரு ஒண்ணும் கண்டுக்கல. நங்கூரத்துக்குச் செங்கல்லைக் கட்டுனாரு, அதையும் பக்கவாட்டுல கட்டி, காத்து அடிச்சதும் தண்ணி உள்ள வந்து, செம தெரோக், ரொம்ப மோசமாப் போச்சு. சம்பான் மூக்குல கட்டணும்னு அப்புறந்தான் புரிஞ்சுது. எனக்கு எப்படித் தெரியும்னு பாக்குறீங்களா? நனைஞ்ச துணியைத் தொவைச்சவ நான்தானே.

காலையில காத்தை எதுத்துப் போங்க. அலுப்பா இருக்கும், ஆனா திரும்புறப்ப காத்தே கொண்டாந்து விட்டுரும். இவரு மாத்திப் பண்ணுவாரு. காத்தோட அக்கரைக்குப் போயிட்டு, சாயங்காலம் எதுக்காத்துல மூச்சு வாங்க வருவாரு. ஏங்க இப்படின்னு கேட்டா, மூங்கிலுக்குக் கீழதான் மீனு இருக்குன்னுவாரு. ஞாயித்துக்கெழமைன்னா தவறாது. மழைன்னாலும் போவாரு.

நானும் போவட்டும்னு விட்டுட்டேன். மனுசன் மனசு நொந்து கெடந்தாரு, அதுக்கு ஒரு மருந்து மாதிரின்னு நெனைச்சேன். எங்களுக்கு ஒரே மவ. நவமணி. ஈப்போவுல தையல் பேக்டரிக்குப் போயிட்டு இருந்துச்சு. முகம்மது கௌஸ்னு ஒரு பையன், சாப்பாட்டுக் கடை வச்சிருந்தவரு மவன். நல்ல பையன்தான். அவனைக் கட்டிக்கிட்டு அந்த மார்க்கத்துல சேந்துருச்சு. இவரு அன்னைக்கே குழாயடியில தலை முழுகுனாரு. எனக்கு மவ செத்துட்டா, உனக்கும் செத்துட்டான்னாரு. நான் தலை முழுகல தம்பி. பெத்தவ எப்படி முழுகுவா?

அதுக்கப்புறம் இந்த வீட்டுல அந்தப் பேரு எடுக்கப்படாது. எடுத்தா தட்டு பறக்கும். ஒரு தீபாவளிக்கு முறுக்கு சுட்டு, அதுக்குப் புடிக்குமேன்னு ஒரு டின்னுல போட்டு எடுத்து வச்சேன். யாருக்குன்னு கேட்டாரு. கொண்டு போயிக் கோழிக்குக் கொட்டுனாரு. எங்க அண்ணன் ஐயாவு, நவமணியைப் பாசார்ல பாத்தேன், மாசமா இருக்குன்னு வந்து சொன்னாரு. போயிட்டு வந்துர்றேங்கன்னு காலைப் புடிச்சேன். போ, அங்கேயே இருந்துக்க, இந்த வாசப்படி மிதிக்காதன்னாரு. எங்க போவேன்? வேலை இல்ல, தோட்டமும் இல்ல. அதுக்குப் புள்ள பொறந்தது எனக்கு ஊருச் சனம் சொல்லித்தான் தெரியும். ஆணா பொண்ணான்னு கேக்கக்கூடப் பயம்.

மீனா? கேக்குறீங்க பாருங்க. வீட்டுக்கு வர்றது வெரல் நீளத் திலாப்பியாதான். ஒருக்கா பெரிய தோமான் மீனு மாட்டி, சம்பானையே சுத்திச் சுத்தி இழுத்துச்சாம், கரையில இருந்தவங்க பாத்துட்டு வந்து சொன்னாங்க. இவரு வெறுங்கையா வந்தாரு. கயிறு அறுந்துருச்சுன்னாரு. பாவமே, இவ்வளவு பாடுபட்டும் கெடைக்கலையேன்னு முட்டை பொரிச்சுக் குடுத்தேன். தலையைக் குனிஞ்சுக்கிட்டே தின்னாரு.

போன மாசம் காலையில, குளிச்சுட்டு வந்து சட்டை மாட்டுனவரு, நெஞ்சைப் புடிச்சுக்கிட்டு அந்தக் கதவுகிட்ட ஒக்காந்தாரு. அவ்வளவுதான். ஆசுபத்திரிக்குக் கூட்டிட்டுப் போவக்கூட விடல.

எடுப்புக்கு நவமணி வந்துச்சு. தலையில துணியைப் போட்டுக்கிட்டு, கையில ஒரு பொம்பளைப் புள்ளைய புடிச்சுக்கிட்டு. எனக்கு அழுவுறதா சிரிக்கிறதான்னு தெரியல. புருசன் செத்துக் கெடக்கையில மவளைப் பாத்துட்டோமேன்னு ஒரு சந்தோசம் வந்துச்சு, பொய் சொல்லக்கூடாது. அந்தச் சின்னப் புள்ள யாரையும் கேக்கல, நேரா பின்னால போச்சு. இந்தச் சம்பான்ல ஏறி, அடியில ஒக்காந்து, காலை நீட்டிக்கிச்சு. நீங்க இப்ப ஒக்காரப் பயப்படுறீங்களே, அது பயப்படல. தாத்தா சம்பான்னு சொல்லிச்சு.

அக்கரையில மூங்கிலுக்குப் பின்னால ஒரு கம்போங், மலாய்க்காரங்க ஊரு, இருக்குல்ல. அங்கதான் நவமணியும் புருசனும் குடியிருக்காங்களாம். ரோட்டு வழியாப் போனா ரெண்டு பஸ் மாறணும், பாக்குறவன் கேப்பான். தண்ணி வழியாப் போனா யாரு கேக்கப் போறா? மீனு புடிக்கிறாருன்னுதானே நெனைப்பாங்க. பேத்தி பொறந்ததுலருந்து ஞாயித்துக்கெழமைக்கு ஞாயித்துக்கெழமை போயிருக்காரு. தோமானும் அங்கதான் போயிருக்கு. மடியில வச்சு முள்ளு எடுத்து ஊட்டுவாராம்.

போனாருன்னுகூட எனக்கு வருத்தமில்ல. அவரும் பெத்தவருதானே. என்னைய ஒரு வார்த்தை, வாடின்னு கூப்புட்டிருந்தா டியூப்பை நானும் மாட்டிக்கிட்டு ஏறியிருப்பேன்.

பொணத்தை எடுத்ததும் அடுப்படியில வச்சு நவமணி கையைப் புடிச்சேன். ஏம்மா, ஒரு தடவையாச்சும் வந்திருக்கப்படாதான்னேன். கையை உருவிக்கிச்சு. அப்பா எல்லாம் சொன்னாருன்னிச்சு. நான் உங்களை ஏத்துக்கத் தயாராத்தாம்மா இருக்கேன், உங்கம்மாதான் நவமணி மொகத்துல முழிக்க மாட்டேன்னு சாமி படத்துல அடிச்சு சத்தியம் பண்ணிருக்கா, அவளுக்குப் பயந்துதான் ஒளிஞ்சு வர்றேன்னு சொன்னாரு. இப்ப மட்டும் எதுக்கு அழுவுறீங்கன்னு கேட்டுச்சு.

நான் இல்லம்மா, அவருதாம்மான்னு சொல்லிருக்கலாம். வாசல்ல இன்னும் சாம்பிராணி பொகைஞ்சுக்கிட்டு இருக்கு. நேத்துச் செத்த அப்பன் மேல அம்மா பழியைப் போடுறாங்கன்னுதானே நெனைக்கும்.

போன வாரம் ரெண்டு பஸ் மாறிப் போனேன் தம்பி. முறுக்கு சுட்டு எடுத்துக்கிட்டுத்தான். கதவு தொறக்கல. உள்ள புள்ள யாரும்மான்னு கேட்டுச்சு. யாருமில்லன்னு நவமணி சொன்னது நல்லாக் கேட்டுச்சு எனக்கு.

காசெல்லாம் வேணாம், எடுத்துட்டுப் போங்க. துடுப்பையும் எடுத்துக்குங்க. மூங்கில் பக்கம் மீனு உண்டான்னு கேட்டீங்கல்ல, அது எனக்குத் தெரியாது.