சத்து மாத்திரை

— அந்த நர்ஸம்மாள இன்னியோட நிறுத்திப்போடுங்கக்கா. இல்லீன்னா நான் துணிமணிய எடுத்துட்டுப் பல்லடத்துக்கு பஸ் ஏறிர்றேன்.

— பைய மொதல்ல கீழ வை கண்ணம்மா. சித்த உக்காரு.

— உக்கார மாட்டனுங்கக்கா. மாருல கட்டின்னு ஆபரேசன் பண்ணி, மறுக்கா அதே எடத்துல புண்ணு வந்து நீங்க படுக்கையில உழுந்தப்ப ஆரு வந்தா? செக்கிங் டேபிள்ல நின்னுட்டிருந்தவ, பனியன் கம்பெனி வேலைய உதறிப்போட்டு ஓடியாந்தேன். பீ மூத்திரம் அள்ளிக் கொட்டினேன். இப்ப கோயமுத்தூர்ல இருந்து வெள்ளச்சேல கட்டிட்டு ஒருத்தி வந்து, கையக் கழுவிட்டு வாங்கன்னு என்னையச் சொல்றா. என்ற அக்காளத் தொட நான் கையக் கழுவோணுமாம்!

— அவளுந்தான் கழுவறா.

— மாமா தூத்துக்குடிக்குச் சரக்கு ஏத்தப் போன நேரம் பாத்து, எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம, ஆஸ்பத்திரிக்கு போன் போட்டு ஊட்டுக்கே நர்ஸ வரவெச்சுட்டீங்க. கழுத்தறுத்தாப்பல இருக்குதுங்கக்கா. என்ன கொறை வெச்சேன் நான்?

— கொறையச் சொல்லல புள்ள. புண்ணுக்கு எதை வெச்சுக் கட்டுன?

— நம்ம பனியன் வேஸ்ட்டத்தான். டேமேஜ் இல்லாத வெள்ளத் துணியாப் பொறுக்கி, தொவச்சு, வெயில்ல போட்டு எடுத்துக் கட்டுனேன். அழுக்குன்னு ஒரு பொட்டு காட்டுங்க பாப்போம்.

— அழுக்கில்ல. ஆனாப் புண்ணோட ஒட்டிக்கும். காத்தால நீ உரிக்கறப்ப சதையோட வரும். உனக்குத் தெரியக்கூடாதுன்னு பல்லக் கடிச்சுட்டுக் கெடப்பேன். இவ உப்புத்தண்ணியக் காய்ச்சி ஆறவெச்சு ஊத்தி, நல்லா ஊறவுட்டு, வலிக்குதாம்மா வலிக்குதாம்மான்னு கேட்டுட்டே எடுக்கறா. தானாக் கழண்டு வருது.

— எனக்கு ஆரு சொல்லிக்குடுத்தாங்க அதையெல்லாம்?

— ஆரும் சொல்லல. அதுக்குத்தான் தெரிஞ்சவளக் கூப்புட்டேன். ஏதோ ஒரு பொடியத் தூவறா, வாடையே போச்சு பாத்தியா? வாசப்படியிலயே நின்னு பேசிட்டுப் போற பாப்பா, நேத்து உள்ள வந்து என்ற கட்டில்ல உக்காந்துக்கிட்டா. பெத்த பொண்ணு புள்ள. அவ கையப் புடிச்சு எத்தன நாளாச்சு!

— அப்ப நான் வேண்டாதவளாப் போயிட்டேன்.

— உன்ற முன்னால நான் அழுதா, நீ எனக்கு முந்தி அழுவே. அப்பறம் நாந்தான் உன்னையத் தேத்தோணும். அவகிட்ட அந்தத் தொந்தரவு இல்ல. நல்லா அழுதேன். அழுதுட்டுத் தூங்கினேன். அவ வந்ததுல இருந்து ரவைக்கெல்லாம் விடிய விடியத் தூங்கறேன்.

— அதத்தானே கேக்கறேன். அப்படி என்ன மந்திரம் போட்டா அவ?

— மந்திரமெல்லாம் ஒண்ணுமில்ல. ஆஸ்பத்திரியில குடுத்த வலி மாத்திரைதான். வலி வந்து துடிக்கற வரைக்கும் காத்திருக்கப்படாதுன்னு, மணி பாத்துக் குடுக்கறா. பீரோ மேல இருந்த டப்பாவ அவதான் எடுத்தா... ஏன் கண்ணு, வாசலத் திரும்பிப் பாக்கறே?

— ஒண்ணுமில்லீங்கக்கா.

— டப்பாவத் தெறந்து பாத்துட்டு, இதுல ஒண்ணுகூடத் தின்னலையாம்மான்னு கேட்டா.

— நீங்க... என்னங்க சொன்னீங்க?

— கசக்குதுன்னு நாந்தான் தின்னலைன்னு சொல்லிப்போட்டேன். உன்னையக் காட்டிக்குடுக்க மனசு வரல.

— அக்கா!

— நீ குடுத்தது சத்து மாத்திரை. வாயில வெச்சாச் சுண்ணாம்பாட்டக் கரையும். பாப்பா வயித்துல இருந்தப்ப மாசக்கணக்குல தின்னவ நான். எனக்குத் தெரியாமப் போயிருமா?

— தெரிஞ்சுமா வாங்கித் தின்னீங்க?

— வலி மாத்திரைன்னா அபினு, தின்னா அக்கா எந்திரிக்காமயே போயிருவான்னு எவளோ உனக்குச் சொல்லியிருப்பான்னு நெனச்சேன். நீ பயந்தாங்கொள்ளி. நாளைக்கு மாத்திக்குவா, நாளைக்கு மாத்திக்குவான்னு பாத்தேன். நான் தலகாணியக் கடிச்சுட்டுக் கெடப்பேன், நீ பாயில உக்காந்து அழுவே. ஆனா எந்திரிச்சு அந்த டப்பாவ மட்டும் தொட மாட்டே. வெறுத்துப் போச்சு புள்ள. கூடப் பொறந்தவளே இப்படிப் பண்றாளேன்னு... கேட்டா நீ ஒடைஞ்சு போயிருவேன்னுதான், உனக்குச் சொல்லாம நர்ஸக் கூப்புட்டேன்.

— நானாப் பண்ணலீங்கக்கா. சிவன்மலை முருகன் சத்தியமா நானாப் பண்ணல.

— பின்ன?

— மாமா நாளைக்கு வந்துருவாரு. டப்பா கீழ இருக்கறதப் பாத்தா என்னையத்தான் கேப்பாரு. அதுக்குப் பயந்துதான் ஊருக்குப் போறேன்னேன்.

— உங்க மாமன் எதுக்கு உன்னையக் கேக்கறாரு?

— ஊத்துக்குளியில இருந்து பாப்பாவப் பொண்ணு பாக்க வந்தாங்கல்லங்கக்கா... அதுக்கு முந்தின நாளு மாமாதான் டப்பாவ என்ற கையில குடுத்து, பீரோ மேல வெச்சுருன்னாரு. இதத் தின்னாக் கண்ணு சொருகும், வாயி கொளறும், வந்த ஒறம்பரை என்ன சீக்குன்னு கேப்பாங்க, இந்தச் சீக்குன்னு தெரிஞ்சாப் பொண்ணெடுப்பாங்களான்னாரு. ஒரு நாளைக்குத்தானேன்னு வெச்சேன்.

— அவிய வந்துட்டுப் போயி எத்தன நாளாச்சு!

— நானும் கேட்டனுங்கக்கா. நிச்சயம் முடியட்டும்னாரு. நிச்சயம் முடிஞ்சதும், தையில கல்யாணம் முடியட்டும்னாரு. அந்தச் சத்து மாத்திரைய வாங்கியாந்து குடுத்ததும் மாமாதான்.

— அன்னைக்குப் பட்டுச்சேல கட்டிட்டு, வந்தவியளுக்கு என்ற கையாலயே காப்பி குடுத்தேன். கை நடுங்கப்படாதுன்னு முருகன வேண்டிக்கிட்டுக் குடுத்தேன். பக்கத்துலயே நின்னாரு.

— என்னைய மன்னிச்சுருங்கக்கா. உங்க காலப் புடிச்சுக்கறேன்.

— உன்னைய எப்பவோ மன்னிச்சாச்சு கண்ணு. நீதான்னு நெனச்சதாலதான் அது முடிஞ்சுது.

— மாமாவுக்கு ஒண்ணும் தெரிய வேண்டாமுங்கக்கா. பாவம், உங்க வலியப் பாக்க அவருக்கும் தாங்கலையோ என்னமோ.

— ரவைக்கு ரவைக்கு நான் கத்தறப்ப, என்ற தலைய நீவிவுட்டு, "மாத்திரை தின்னியா கமலா?"ன்னு கேட்டது அவருதான் புள்ள.